தேங்கக் கூடாத பால்

வீட்டுக்குள் நுழைந்ததும் மிந்தா மகனைக் கொஞ்சவில்லை. முதலில் அவன் வாயை மோந்து பார்த்தாள்.

சாதாரண மூக்கு இல்லை அது. பிலிப்பைன்ஸில் செபு பட்டணத்துத் தாபோவான் சந்தையில் கல்யாணத்துக்கு முன்னிருந்தே கருவாடு விற்கிற மூக்கு. எந்தக் கூடை நல்ல வெயிலில் காய்ந்தது, எது மழையில் நனைந்து மறுபடி காய்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடும். ஆனால் ரெண்டு மாசக் குழந்தையின் வாய் கருவாட்டுக் கூடையைவிட அழுத்தமானது. பால் வாசனை வந்தது. அதற்கு அடியில் பச்சையாக வேறு ஏதோ வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது.

“என்னடி மோந்து பாக்குற? கருவாடா அவன்?” என்றாள் கொன்சிங்.

கொன்சிங் புருஷனின் அக்கா. அடுத்த கதவு அவளுடையது. வாசலில் பெட்டிக்கடை வைத்திருந்தாள். கீழ்த் தட்டில் சோப்பு, சர்க்கரை, ஷாம்பு பாக்கெட்டுகள். மேல் தட்டில் பால் மாவு டப்பாக்கள். மிந்தா சந்தைக்குப் போகும் நேரமெல்லாம் குழந்தை நொனோய் கொன்சிங்கின் தோளில்தான் இருப்பான். பிள்ளை இல்லாதவள். பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தை அழுதால்கூட இவள் இடுப்பு தானாக ஆட ஆரம்பித்துவிடும். ஊரே அதைப் பார்த்து உருகியது. மிந்தா மட்டும் அந்த இடுப்பைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

“சும்மாதான் அக்கா. பால் வாசனை எனக்குப் பிடிக்கும்.”

“எந்தப் பாலு? கெட்டுப்போன உன் பாலா? இந்தா, இந்தத் துணியையும் மோந்து பாரு.”

துணியைப் பார்க்கவே வேண்டியதில்லை. பாசி பிடித்த குளத்தை மொண்டு ஊற்றின மாதிரி பச்சை, மேலே நுரை. மிந்தா மறுபடி சந்தைக்குப் போக ஆரம்பித்த ரெண்டு மூணு வாரமாக இப்படித்தான். பால் குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு மத்தளமாகிவிடும். முழங்காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு முகம் சிவக்கக் கத்துவான். காற்றுப் பிரிந்தால் ஓய்வான். மறுபடி பால். மறுபடி கத்தல்.

“பான்ஓஸ்” என்றாள் கொன்சிங், தீர்ப்பு எழுதுகிறவள் மாதிரி.

ஊசின சோற்றுக்கும் நாறின குழம்புக்கும் அந்த ஊரில் இந்த ஒரு சொல்தான். தாய்ப்பாலுக்கும் அதையே போடுவார்கள். நாளெல்லாம் வெயிலில் நின்றவள், பட்டினி கிடந்தவள், யாரோடாவது மல்லுக்கட்டிவிட்டு வந்தவள், இவர்கள் பால் மார்புக்குள்ளேயே ஊசிப்போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். மிந்தாவுக்கோ இந்த மூன்றும்தான் தினசரித் தொழில்.

மத்தியானச் சாப்பாட்டில் வழக்கு புருஷன் ஹெனரோவிடம் போனது. அவன் ஜீப்னி என்கிற ஊர் மினி பஸ் ஓட்டுகிறவன். யார் கை காட்டினாலும் நிறுத்துவான், யார் ஏறினாலும் ஏற்றிக்கொள்வான். வீட்டிலும் அதே குணம்.

“அக்கா சொல்றதுலயும் நியாயம் இருக்கு” என்றான் முருங்கைக்கீரை சூப்பை உறிஞ்சிக்கொண்டே.

“அப்ப நான் சொல்றது?”

“அதுலயும் இருக்கு. சனிக்கிழமை வரைக்கும் பாப்போம் மிந்தா. அப்பவும் பச்சையாவே போனா டப்பாப் பாலுக்கு மாத்திடலாம். கொஞ்ச நாள் அக்கா வீட்லயே தூங்கட்டும். நீயும் அசந்து தூங்கலாம்ல.”

மிந்தா சோற்றைப் பிசைந்தபடி நாத்தனாரைப் பார்த்தாள். கொன்சிங் குழந்தையின் கால் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். டப்பா அவள் கடையில் விற்கும். பிள்ளை அவள் கட்டிலில் தூங்கும். ஒரே சரக்கில் ரெண்டு லாபம் பார்க்கிறவளைச் சந்தையில்கூட மிந்தா பார்த்ததில்லை. பால் ஒருமுறை நின்றுவிட்டால் அவன் யாரைத் தேடி அழுவான் என்பதைச் சொல்ல ஜோசியக்காரன் வேண்டாம்.

பால் ஊசிப்போகும் என்பதை அவளும் நம்பினாள். ஆனால் தன் பால் ஊசவில்லை என்பதில் சந்தேகமே இல்லை. ஏனென்றால் அவள் முன்ஜாக்கிரதை அப்படி. வெயிலிலிருந்து வந்ததும் மார்பைக் கழுவுவாள். சரக்கு தேங்கினால்தானே ஊசும்? அவள் தேங்கவே விடுவதில்லை. ஒரு பக்கம் அவனைப் போட்டு, நாலு வாய் விழுங்கினதும் வெடுக்கென்று எடுத்து மறுபக்கம் போடுவாள். அங்கே நாலு வாய். திரும்ப இந்தப் பக்கம். ரெண்டு கூடையும் ஒரே சீராக இறங்க வேண்டும். எதிலும் பழசு அடியில் தங்கக் கூடாது. கருவாட்டில் கற்ற வித்தை. பையன் ஒவ்வொரு தடவையும் கோபத்தில் கையை முறுக்குவான். “வாடிக்கைக்காரனுக்குப் பொறுமை வேணும்டா” என்பாள்.

ஆக, பால் சுத்தம். அப்படியென்றால் வேறு எதையோ யாரோ அந்த வாயில் விடுகிறார்கள். யாரோ என்ன யாரோ.

மறுநாள் கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, சந்தை சூடு பிடிக்கிற நேரத்தில் எழுந்து வந்தாள். முன்வாசலில் வந்தால் பெட்டிக்கடை மணி காட்டிக்கொடுக்கும். பின்பக்கம், துணி காயும் சந்து வழியாகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

நொனோய் கொன்சிங்கின் இடது தோளில் கிடந்தான். வலது கை சின்ன உரலில் எதையோ நசுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கோப்பை. கோப்பையில் பச்சைச் சாறு. பாகல் இலை நெடி சந்து வரைக்கும் அடித்தது.

“அகப்பட்டியா!” என்றாள் மிந்தா.

கொன்சிங் துள்ளின துள்ளலில் உலக்கை உருண்டு ஓடியது. “ஏசுவே! திருடி மாதிரி எங்கேருந்துடி வர்ற?”

“திருடி யாருன்னு கோப்பை சொல்லுது. பிள்ளைக்குப் பாகற்சாறு குடுத்து அவன் வயித்தைப் பச்சையாக்கிட்டு, என் பால் மேல பழி போடுறியா?”

“இது எனக்கு. சர்க்கரை வியாதிக்குத் தினமும் குடிக்கிறேன்.”

“குடி, பாக்குறேன்.”

கொன்சிங் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். கண் ரெண்டும் உள்ளே போய், வாய் கோணி, உடம்பு ஒருமுறை உதறி அடங்கியது. காலிக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

“போதுமா?”

“நீ குடிச்சுட்டா அவனுக்குக் குடுக்கலைன்னு ஆயிடுமா? நானும்தான் ருசி காட்டக் கருவாட்டைத் தின்னுட்டுத்தான் விக்கிறேன்.”

“ஆமாண்டி, அதைச் சொல்லு! உப்புக் கருவாடு, காடி, பச்சை மாங்கா. ஊருல இருக்கற புளிப்பெல்லாம் தின்னுட்டு, வெயில்ல வெந்துட்டு வந்து குடுக்குற. பிள்ளை பச்சையாப் போகாம ரோஜாப்பூவாவா போவான்?”

“அவன் என்ன போனா உனக்கென்ன? உனக்கு டப்பா போகணும்!”

கொன்சிங் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். ஒரு கணம் அவள் முகத்தில் கோபமில்லை. வேறு ஏதோ இருந்தது. மிந்தா அதையும் சந்தேகப்பட்டாள். அதற்குள் நொனோய் முழங்காலை இழுத்துக்கொண்டு வீறிட்டான். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் அவனைப் பிடித்தார்கள். யாரும் விடவில்லை.

“சுகாதார நிலையத்துக்குப் போவோம். மேடம் ஓரில்லா சொல்லட்டும், குத்தம் உன் கோப்பையிலா என் மார்லயான்னு” என்றாள் மிந்தா.

“நட” என்றாள் கொன்சிங். “இப்பவே நட.”

மேடம் ஓரில்லா பிரசவம் பார்க்கும் நர்ஸ். குண்டான, அவசரமில்லாத பெண். ரெண்டு பேர் பேச்சையும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டே குழந்தையின் துணியை அவிழ்த்துத் தராசில் வைக்கப் போனாள்.

“நில்லுங்க மேடம்” என்றாள் மிந்தா. “முள்ளு நடுவுல இல்ல.”

மேடம் குனிந்து பார்த்தாள். முள் உண்மையில் ஒரு மயிரிழை தள்ளித்தான் நின்றது. திருகித் திருத்தினாள். கொன்சிங்கும் குனிந்து பார்த்துத் தலையாட்டினாள். அந்த விஷயத்தில் மட்டும் ரெண்டு பேரும் ஒரே கட்சி.

“நல்லா எடை ஏறியிருக்கான். போன தடவையைவிட நல்லாவே” என்றாள் மேடம். “காய்ச்சல் உண்டா? வாந்தி? மலத்துல ரத்தம்? ஒண்ணுக்கு நல்லாப் போறானா?”

“ஒண்ணுக்கு ஆறா ஓடுது” என்றாள் கொன்சிங். “மத்ததெல்லாம் இல்ல. பச்சைதான். ஊசின பால், மேடம்.”

“உடம்புக்குள்ள இருக்கற பால் ஊசாது. வெயில்ல நின்னாலும் சரி, சண்டை போட்டாலும் சரி. ரத்தம் ஊசுமா உங்களுக்கு?”

மிந்தா நாத்தனாரை ஓரக்கண்ணால் பார்த்தாள். ஆனால் வெற்றியைக் கொண்டாட நேரம் கிடைக்கவில்லை.

“இப்பப் பால் குடு, நான் பாக்குறேன்” என்றாள் மேடம்.

மிந்தா உட்கார்ந்தாள். வழக்கம்போல நாலு வாய், வெடுக்கென்று மறுபக்கம், நாலு வாய், திரும்ப இந்தப் பக்கம். நொனோய் கையை முறுக்கினான்.

“நிறுத்து. ஏன் மாத்துன?”

“மத்ததுல தேங்கிடும்ல, மேடம்.”

“தேங்கினா?”

“ஊசிடும்...” சொல்லி முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது. ரத்தம் ஊசுமா என்று இப்போதுதானே கேட்டாள்.

மேடம் ஓரில்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “முதல்ல வர்றது தண்ணியா, இனிப்பா இருக்கும். தாகத்துக்கு. குடிக்கக் குடிக்கத்தான் கொழுப்பு ஏறும். நீ ரெண்டு பக்கமும் மேலாக மொண்டு குடுத்துட்டு எடுத்துடுற. இனிப்புத் தண்ணியா நெறைய இறங்கினா வயித்துல காத்து, நுரை, பச்சை. பெரும்பாலும் அவ்வளவுதான் விஷயம். ஒரு பக்கம் போடு. அவனா விடுற வரைக்கும் எடுக்காத.”

மிந்தாவுக்கு முகம் சூடானது. சந்தையில் நல்ல மீனை மேலே அடுக்கி மட்டமானதை அடியில் வைப்பதுதான் அவள் வழக்கம். இங்கே சரக்கு தலைகீழாக அடுக்கப்பட்டிருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொந்தப் பிள்ளைக்கு வாரக் கணக்கில் வெறும் மேல்கூடையைக் காட்டியே அனுப்பியிருக்கிறாள். ஆனாலும் அவ்வளவு சுலபமாக நம்பிவிட முடியுமா?

“இதைச் சொல்றதுல உங்களுக்கு ஏதாவது லாபம்...”

“என்ன?”

“ஒண்ணுமில்ல மேடம்.”

“இன்னொண்ணு” என்றாள் மேடம், இருவரையும் பார்த்து. “ஆறு மாசம் வரைக்கும் பாலைத் தவிர எதுவும் உள்ள போகக் கூடாது. தண்ணி, தேன், எந்த இலைச் சாறும். இந்த வயசுல அதெல்லாம் ஆபத்து. காய்ச்சலோ ரத்தமோ கண்டா உடனே வாங்க. இல்லன்னா அடுத்த வாரம் காட்டுங்க.”

கொன்சிங் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள். அது போன வருஷத்துக் காலண்டர்.

சனிக்கிழமை காலை. துணி ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடிக்கப்பட்டது. மூன்று தலைகள் அதன் மேல் குனிந்தன.

“பச்சை கொஞ்சம் இருக்கு” என்றான் ஹெனரோ. தன் கெடு தன் தலையிலேயே விழுந்துவிடுமோ என்கிற பயம் அவனுக்கு.

“எங்க இருக்கு? கடுகு நிறம் தெரியல உனக்கு? சிக்னலை எப்படிடா பாத்து ஓட்டுற?” என்றாள் மிந்தா. நுரை குறைந்திருந்தது, ராத்திரி அழுகையும் குறைந்திருந்தது. ஆனாலும் பச்சையின் சாயல் அங்கங்கே இருந்தது என்பது அவளுக்கே தெரியும். விற்கிறவள் குரலில்தான் பேசினாள். பேரத்துக்குத் தயாராக நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

“மஞ்சள்தான்” என்றாள் கொன்சிங்.

அவ்வளவுதான். இழுக்கவில்லை, குறைக்கவில்லை, ‘ஆனா’ கூடப் போடவில்லை. ஹெனரோ நிம்மதியாக வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மிந்தாவுக்குத்தான் சந்தேகம் தட்டியது. சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்கிற ஆள் வந்தால், நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவள் வழக்கம்.

“என்ன குடுத்த அவனுக்கு?” என்றாள் மெதுவாக.

கொன்சிங் துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். “பாகற்சாறு. விரல் நுனியில தொட்டு நாக்குல. ரெண்டு தடவை. சளி வெளிய வரும்னு. எங்க அம்மா எங்க எல்லாருக்கும் குடுத்தா, நாங்க சாகல. ஆனா அவன் கஷ்டப்பட்டது எதனாலன்னு... உன் பாலா இருக்கணும்னு நான் வேண்டிக்கிட்டேன் மிந்தா. என் விரலா இருந்துடக் கூடாதுன்னு.”

“தெரியும்” என்றாள் மிந்தா. ஒன்றும் தெரியாது. பழக்க தோஷம்.

நொனோயைத் துணியில் போட்டு மார்போடு கட்டினாள். இனிமேல் தன்னோடு கருவாட்டுக் கடையிலேயே இருக்கட்டும் என்று வாசல் வரைக்கும் நடந்தாள். கொன்சிங் தடுக்கவில்லை, கட்டின முடிச்சு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். வெளியே வெயில் தகரக் கூரையில் பொரிந்துகொண்டிருந்தது. நாள் முழுக்க உப்புத் தூசி, ஈ, கூச்சல். பிள்ளையைத் தன் மார்தான் வாரக் கணக்கில் படுத்தியது. அந்த விரல் ரெண்டு தடவை. மிந்தா நின்றாள். தானும், குற்றம் அந்த விரல் மேலேயே இருக்கட்டும் என்றுதானே வேண்டிக்கொண்டிருந்தாள்?

திரும்பி வந்து முடிச்சை அவிழ்த்தாள்.

“இந்தா பிடி. ஆனா மத்தியானம் நான் வர மாட்டேன். அவன் பசிச்சு அழும்போதெல்லாம் நீதான் கடைக்குத் தூக்கிட்டு வரணும்.”

“அந்த நாத்தத்துக்கா?”

“அந்த நாத்தத்துலதான் அவன் சோறு நிக்குது. என் மார்லேருந்து வர்றதைத் தவிர ஒண்ணும் அவன் வாய்க்குள்ள போகக் கூடாது.”

“மருந்து?”

“மேடம் சொன்னா மட்டும்.”

“என் விரல்? சப்பினா தூங்கிடுவான்டி.”

“விரலும் கூடாது.”

கொன்சிங் அவனை வாங்கித் தோளில் சாய்த்தாள். இடுப்பு தானாக ஆட ஆரம்பித்தது. “முத்தம்?” என்றாள்.

மிந்தா கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

“நெத்தியில மட்டும்” என்றாள்.