நிகழ்காலத்தில் ஒரு கணவர்

அக்காவின் கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவள் வேலை பார்க்கும் பத்திரிகையின் பிழை திருத்தும் அறையில் மட்டும் அவர் இன்னும் சௌக்கியமாக இருந்தார்.

அவர் போனபோது அதைச் சொல்ல வாய் வராமல், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பத்து நாள் விடுப்பு எடுத்துத் திரும்பியவளிடம், பக்கத்து மேசைக்காரி சும்மா ஒரு பேச்சுக்கு, "வீட்ல அவர் எப்படி இருக்கார்க்கா?" என்று கேட்டாள். "நல்லா இருக்கார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதும் நெஞ்சு லேசானது, அதுதான் வினை. காலையிலிருந்து சாயங்காலம் வரை புருஷன் உயிரோடு கிடைக்கிறான் என்றால் யார்தான் விடுவார்கள்? அவருக்கு ஜலதோஷம் பிடித்தது, தேறியது. புதுக் கண்ணாடி வாங்கினார். நாளாக ஆக, பொய்யைச் சொல்லி முடித்ததும் முதுகுக்குப் பின்னால் அவர் செருமுவது கேட்க ஆரம்பித்தது. அக்கா திரும்ப மாட்டாள். திரும்பினால் போய்விடுவாரோ என்று பயம்.

அன்று மத்தியானம் பிரிவுத் தலைவர் ஒரு தாளோடு வந்தார். ஒரு கமாவைக்கூடச் சும்மா விடாத மனிதர்.

"என்னம்மா இது? மரண அறிவிப்பு. 'அன்பாகப் பழகினார்'னு சரியா வந்திருக்கு. அதை நீங்க அடிச்சிட்டு 'பழகுகிறார்'னு போட்டிருக்கீங்க. 'சிறந்த கணவராக இருக்கிறார்'. போனவரை எழுப்பி உட்கார வச்சிட்டீங்களே!"

அறையே சிரித்தது. சமாளிக்க அவளும் சிரித்தாள்.

பக்கத்து மேசைக்காரி சொன்னாள்: "வீட்டுக்குப் போய் அவர்கிட்ட சொல்லுங்கக்கா."

"சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பார்," என்றாள் அக்கா. இருபது வருஷத் தொழில் பழக்கம் சும்மா இருக்குமா? கை தாளில் திருத்திக்கொண்டிருக்க, வாயும் கூடவே திருத்தியது. "இல்ல, சிரிச்சிருப்பார்."

காலம் மாறினால் அந்த அறையில் எந்தக் காதும் தவறவிடாது. சிரிப்பு அப்படியே நின்றது. தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளெதிரே உட்கார்ந்தார்.

"எப்போம்மா?"

ஐந்து மாதம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள், சுவர்தான் இருந்தது.

"இப்பதான் சார்," என்று சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்க வாய்விட்டு அழுதாள்.