நாற்பத்தெட்டாம் நம்பர் காரின் சிவப்புத் தீற்றல்

வீட்டை 'ஆஸ் இஸ்', அதாவது இருக்கிறது இருக்கிறபடியே என்று வாங்கினால் கூடவே என்னென்ன வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஐசலினில், இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டுக்கு நடக்கிற தூரத்தில் வீடு என்றதும் என் கணவர் ஹாஜா நஜ்முதீன் தலைகால் புரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டோடு ஒழுகுகிற குழாய் வந்தது, பரணில் அணில் குடும்பம் வந்தது, கராஜில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கார் வந்தது.

கார் என்றால் கடைக்குப் போய் வருகிற கார் இல்லை. கண்ணாடி ஒன்றுகூடக் கிடையாது. கதவைத் திறக்க முடியாதபடி வெல்டிங் வைத்து அடைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகத்தான் உள்ளே இறங்க வேண்டும். ஒரே சீட், அதைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டு. வெள்ளை பெயின்ட், கதவில் கையால் எழுதிய நீல நிற 48. வீட்டை விற்றவரிடம் ஃபோன் செய்து கேட்டோம். இறந்துபோன தன் மாமா சேர்த்துவைத்த குப்பையில் அதுவும் ஒன்று என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். அதைத் தூக்கிக் கடாசினால் பனிக்காலத்தில் என் வண்டியை உள்ளே விடலாம் என்பது என் ஆசை.

என் கணவருக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அது என்ன, யாருடையது, இங்கே எப்படி வந்தது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. கதவை மட்டும் படம் எடுத்து, பழைய ரேஸ் கார் ரசிகர்களின் ஃபேஸ்புக் குழுவில் போட்டார்.

"முனவ்வரா, இங்க பாரேன். இதுக்குப் பேரு ஸ்டாக் காராம். ரோட்ல ஓடுற சாதாரண காரை வாங்கி, உள்ள இருக்கிறதை எல்லாம் பிடுங்கிட்டு ரேஸ் விடுவாங்களாம். ட்ராக் ரொம்பச் சின்னது. சுத்திச் சுத்தி லெஃப்ட்லயே திரும்பணும்."

"லெஃப்ட்லயே திரும்பிட்டிருந்தா எங்க போய்ச் சேருவாங்க மச்சான்?"

"கெளம்பின எடத்துக்குத்தான்."

"இதுக்கு டிக்கெட் வேற!"

கிண்டல் செய்தேனே தவிர, எனக்கும் அது தொற்றிக்கொண்டது. அந்தக் குழுவில் ஆளாளுக்கு எழுதியதைப் படிக்கப் படிக்க அடுப்பில் வைத்ததை மறந்தேன். 48-ஆம் நம்பர், ரே என்பவருடைய கார். பகலில் பால் வண்டி ஓட்டிவிட்டுச் சனிக்கிழமை ரேஸுக்கு வருவாராம். அவருக்குப் போட்டியும் உயிர்த் தோழனும் எடி. எடியின் கார் முழுக்கச் சிவப்பு, அதனால் அதற்குத் தக்காளி என்று பெயர். இருவரும் உரசுகிற மாதிரி நெருக்கி ஓட்டுவார்களாம், முடிந்ததும் ஒரே சாண்ட்விச்சைப் பிய்த்துத் தின்பார்களாம். அந்த ட்ராக் இருந்த இடத்தில் இப்போது கிடங்குகள்தான் இருக்கின்றன. ஒருவர் அந்த டயர் புகை வாசனை இன்னும் தன் மூக்கில் இருக்கிறது என்று எழுதியிருந்தார். முன்பின் தெரியாத மனிதர்களின் மூக்கைப் பற்றி நான் இவ்வளவு அக்கறைப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காரைப் பார்க்க வரலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் ஸ்டான், அந்த ட்ராக்கில் கொடி காட்டியவர். இன்னொருவர் டாலி, ரேயின் மகள். என் கணவர் உடனே வாங்க வாங்க என்று எழுதிவிட்டார்.

விருந்தாளி வருகிறார்கள் என்றால் எங்கள் வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. வட்டலப்ப இனிப்புக்கு முட்டை அடித்து வைத்துவிட்டு, வீடு கூட்டி, பாத்ரூம் தேய்த்து, கடைசியில் கராஜுக்கு வந்தேன். கார் சுவரை முட்டிக்கொண்டு நின்றிருந்தது. இருவருமாகத் தள்ளி வெளியே எடுத்தோம். மேலெல்லாம் ஒரு விரல்கடை தூசி. கழுவுவதற்கு முன் ஒரு படம் எடுக்கட்டுமா என்றார் என் கணவர். அழுக்கோடு என்ன படம், அந்த அம்மா அவங்க அப்பா வண்டியை இப்படியா பார்க்கணும் என்று ஒரு சத்தம் போட்டேன். அவர் ஹோஸைப் பிடித்துப் பின்பக்கம் போனார். நான் கம்பி நாரும் சோப்புமாக முன்பக்கம் உட்கார்ந்து, பிரியாணிச் சட்டியைத் தேய்ப்பதுபோலத் தேய்த்துத் தள்ளினேன். சாயங்காலம் கார் பளபளவென்று நின்றது. எனக்கு அத்தனை பெருமை.

மறுநாள் இருவரும் வந்தார்கள். ஸ்டான் காரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

அவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். என் காதில் விழுந்த மாதிரி எழுதுகிறேன்.

"கழுவிட்டீங்களா?"

"நல்லாக் கழுவினோம்" என்றேன் நான், பாராட்டை எதிர்பார்த்து.

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். பழைய ரேஸ் காரில் அந்த அழுக்குதான் சரித்திரம், அதை யாரும் தொடமாட்டார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் அழுக்கை வைத்துக்கொண்டு யாரும் விருந்தாளியைக் கூப்பிட மாட்டார்கள்.

டாலிக்கு எழுபது வயதாவது இருக்கும். கதவையோ நம்பரையோ அவர் பார்க்கவில்லை. நேராகக் காரின் முன்பக்கம் போனார், குனிந்து இடது முனையைத் தடவினார். பிறகு பின்பக்கம் போய் அங்கேயும் தடவினார். முகம் விழுந்துவிட்டது.

"என்ன தேடுறீங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"சிவப்பு பெயின்ட்" என்றார் டாலி. "எடியோட கார் சுவர்ல மோதினது அந்த ட்ராக்லதான். அதுக்கப்புறம் அவர் நடக்கவே இல்லை. எங்கப்பா அன்னிக்கோட ரேஸை விட்டுட்டார். காரைத் துடைக்காமக்கூட வித்துட்டார்."

"எடியோட டயர் வெடிச்சுது" என்று ஸ்டான் குறுக்கே பேசினார். "நான் கொடியோட அங்கயே நின்னேன். ரே மேல தப்பே இல்லை. எங்க எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும், அப்பாவுக்கு மட்டும் தெரியலை" என்றார் டாலி. "அவர், 'நான்தான் எடியைப் பின்னாலருந்து இடிச்சுத் தள்ளினேன், வேணும்னுதான் செஞ்சேன், ஜெயிக்கணும்னு வெறி'ன்னு சாகறவரைக்கும் சொல்லிட்டிருந்தார். எடிகிட்டயே போய்ச் சொன்னார். எடி சிரிச்சுட்டு, போடான்னுட்டார். யாரும் நம்பலை. அம்மா நம்பலை. நானும் நம்பலை. மனசு உடைஞ்சு என்னமோ உளர்றார்னு நெனச்சோம். காரோட முன்பக்கம் தக்காளியோட சிவப்பு ஒட்டியிருக்கு, போய்ப் பாருங்கன்னு சொல்வார். பார்க்கறதுக்குக் கார் எங்க இருக்குன்னே எங்களுக்குத் தெரியலை."

சிவப்பு இருந்தது. முன்பக்கம், இடது முனையில், பீட்ரூட் சாறு சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு தீற்றல். துரு என்று நினைத்து, போக மாட்டேன் என்று அடம்பிடித்ததை விடாமல் தேய்த்து எடுத்தவளே நான்தான்.

டாலி என்னைப் பார்த்தார். "கழுவறதுக்கு முன்னாடி எங்கயாவது சிவப்பா இருந்துச்சா?"

அவருக்குப் பின்னால் நின்ற ஸ்டான் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். இல்லை என்று சொல்லிவிடு என்று அர்த்தம். அவர் கெட்டவர் இல்லை. செத்துப்போன நண்பனின் பெயரைக் காப்பாற்ற நினைக்கிறார், அவ்வளவுதான். என் கணவருக்கு எதுவும் தெரியாது, அவர் பின்பக்கம் ஹோஸோடு இருந்தார். பார்த்தவள் நான் ஒருத்திதான். ஒன்றுமில்லை, வெறும் தூசிதான் என்று நான் சொன்னால் கதை முடிந்தது. ரே நல்லவராகவே இருப்பார், ஸ்டான் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார், நாங்கள் வட்டலப்பம் சாப்பிடலாம். ஒரு பெண்ணிடம் போய், உன் அப்பா ஒருத்தரை முடமாக்கினார் என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் ஒரே ஒரு உண்மையைச் சொன்னார், ஒரு ஆள்கூட அதை வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது நானும் மறுத்தால் அதை அவரோடு சேர்த்துப் புதைத்த மாதிரி ஆகிவிடும். சாட்சியை மறைக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். மற்றவர்களுக்குச் சொல்லும்போது அது எவ்வளவு சுலபமாக இருந்தது!

"இருந்துச்சு" என்றேன். குனிந்து, தேய்த்த இடத்தில் கை வைத்தேன். "இங்க. முன்னாடி. என் கை அகலத்துக்கு. நான்தான் தேய்ச்சு எடுத்துட்டேன். மன்னிச்சுடுங்க."

"துருவா இருக்கும்" என்றார் ஸ்டான்.

"துரு இல்லை. கம்பி நாரெல்லாம் சிவப்பாச்சு. நல்ல தக்காளிச் சிவப்பு."

ஸ்டான் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "எனக்கு அன்னிக்குப் புகைல சரியாத் தெரியலை" என்றார். இத்தனை வருடம் எல்லோருக்கும் அடித்துச் சொன்னவர் அவர்.

டாலி கராஜ் வாசல் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று பயந்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் அழவில்லை. நான் தேய்த்த இடத்தில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு, காரிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார்.

"கடைசி வாரம் ஆஸ்பத்திரில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, டாலி, நீயாவது நம்பும்மான்னார். நான் நர்ஸைக் கூப்பிட்டு, அப்பாவுக்குத் தூக்க மருந்து குடுங்கன்னு சொன்னேன்."