தீபாராதனைக்கு முன்

அனி வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துவிட்டுத் தலை குனிந்து வணங்கினாள். எதிரே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் பதிலுக்குக் கைகூப்பினார்கள். யாரும் கைதட்டவில்லை, யாரும் எழுந்திருக்கவும் இல்லை. ஆர்மீனியாவிலிருந்து வந்த பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் கேட்கிறார்களாக்கும் என்று நினைத்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊத ஆரம்பித்தாள். பின்னால் நின்றிருந்த கந்தசாமிக்கு மட்டும் விஷயம் புரிந்தது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

செஞ்சி கடைத்தெருவில் கந்தசாமியின் பாத்திரக் கடைக்கு மேல்மாடிதான் அந்தக் கூடம். கூடத்துக்குப் பின்னாலேயே அவர் வீடு. மனைவி மீனம்பாள் போய்ச் சேர்ந்த பிறகு கடையை ஒரு செல்போன் கடைக்காரனுக்கு வாடகைக்கு விட்டார். மேலே குடோனாக இருந்த இடத்துக்குச் சுண்ணாம்படித்து, ஃபேன் மாட்டி, வெளிநாட்டுச் சங்கீதக்காரர்களைக் கூப்பிட்டு வாசிக்க வைக்க ஆரம்பித்தார். பாண்டிச்சேரியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் எப்படியும் செஞ்சியைத் தாண்டித்தானே போக வேண்டும்? மனுஷனுக்குப் புத்தி கெட்டுப் போச்சு என்று ஊர் சிரித்தது. கனடாவிலிருக்கும் மகன் தருண், "நைனா, பாட்டுன்னாலே உனக்கு ஆவாதே" என்றான். உண்மைதான். அவருக்கு வேண்டியிருந்தது பாட்டு அல்ல, படியேறி வரும் ஆட்கள். பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் தனியாக இருக்க அவருக்குப் பயமாக இருந்தது. அறுபது வயதுக்கு மேல் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனால் ஆட்கள்தான் வரவில்லை. சுரைக்குடுக்கையில் நரம்பு கட்டி மீட்டிய செனகல்காரருக்கு, கோட்டை பார்க்க வந்து மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேரும் கீழே இருக்கும் செல்போன்காரனும்தான் சபை. அயர்லாந்து ஃபிடிலுக்கு அவனும் வரவில்லை. ஆகவே இந்த முறை வாட்ஸப்பை நம்பாமல், சனிக்கிழமை பஜனை கோஷ்டியை வீடு வீடாகப் போய் அழைத்தார் கந்தசாமி. முறையாக அழைத்ததால் முறையாக வந்தார்கள். குளித்து, பூ வைத்து, குழந்தை குட்டிகளோடு வந்தார்கள். முன்பு பாத்திரக் கடையில் வேலை பார்த்த குஞ்சம்மாள்கூட சிங்கவரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள்.

வாத்தியத்தின் பெயர் துடுக் என்று கந்தசாமி சொன்னதும் கோஷ்டித் தலைவர் முருகையன், "பேருதான் துடுக்கு. ஊதுனா அழுவும் போல இருக்குதே, அண்ணா" என்றார். கூடமே சிரித்தது. அனி ஊத ஆரம்பித்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. பார்க்கச் சின்ன நாயனம். சத்தமோ தொண்டை அடைத்துப் போன ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. குஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாம் சரி, முடிவுதான் வரவில்லை. பஜனைக்காரர்களுக்கு மங்களம் பாடி, தீபாராதனை காட்டி, அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டால்தான் முடிந்ததாக அர்த்தம். அதற்கு முன் எழுந்து போவது அபசாரம். அவங்க ஊர்ல இவ்வளவுதான், கிளம்புங்க என்று கந்தசாமி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மூன்றாவது முறை நிறுத்தியபோது அனி அவரை அருகில் அழைத்து, உதடு எரிகிறது, இன்னுமா வாசிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர்களுக்குப் போக மனமில்லை என்றார் கந்தசாமி. அந்தப் பெண்ணின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எந்த ஊரிலும் தன்னை இப்படிக் கேட்டதில்லை என்று சொல்லி மறுபடி எடுத்தாள். கந்தசாமியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதுவும் முடிந்தது. முருகையன் பொறுமை இழந்தார். "அண்ணா, அந்தப் பொண்ணுக்கு வாயி வீங்கிடப் போவுது. கற்பூரத்தக் காட்டுங்க."

"ஆமா மொதலாளி, எனக்கு பஸ்ஸு போய்டும்" என்றாள் குஞ்சம்மாள்.

"கற்பூரம் தீந்து போச்சு. இதோ, வாங்கினு வந்துடறேன்."

சொல்லிவிட்டார். சாமி அலமாரியில் இருந்த கற்பூரப் பொட்டலத்தை யாரும் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஜன்னல்கள் எல்லாவற்றிலும் வெளிச்சம், ஆட்களின் நிழல், வளையல் சத்தம். யாரோ குழந்தையை அதட்டினார்கள். யாரோ தண்ணீர்ச் சொம்பை உருட்டிவிட்டார்கள். மீனம்பாள் இருந்தபோதுகூட வீட்டில் இத்தனை சத்தம் இருந்ததில்லை. மூலையில் மளிகைக் கடை திறந்துதான் இருந்தது, அவர் அந்தப் பக்கமே போகவில்லை. சிங்கவரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு அவரை உரசினாற்போல் போயிற்று. கையைக் காட்டி நிறுத்தியிருக்கலாம். குஞ்சம்மாளைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டிருக்கலாம். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனாலும் கால் படிப்பக்கம் நகரவில்லை.

ஜன்னலில் முருகையன் தலை தெரிந்தது. "இன்னா அண்ணா, கெடைச்சுதா?"

கந்தசாமி சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். "இன்னும் இல்ல. அடுத்த கடையில பாக்குறேன்."

தலை உள்ளே போயிற்று. அவருடைய வீட்டுக்குள்ளிருந்து முருகையன் மற்றவர்களிடம் சொல்வது தெருவரைக்கும் கேட்டது.

"ஒக்காருங்க, ஒக்காருங்க. வந்துடுவாரு."