பிரிக்கிற கதவு

ஏப்ரலில் கிடாரி பிரிக்கிற நாளன்று எங்கள் வீட்டில் காலைக் காபி யாரும் தொடாமல் ஆறிப்போகும். இன்னும் ஈனாத கிடாரிகளில் எது மந்தையில் தாயாக நிற்கப்போகிறது, எது லாரி ஏறி ஏலத்துக்குப் போகப்போகிறது என்பது அன்றைக்குத்தான் முடிவாகும். இந்த வருஷம் எனக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. பிக்கப் வண்டியின் சீட்டுக்குப் பின்னால் என் பெட்டி ஏறிவிட்டது. நான் போவதா இருப்பதா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

போக நினைத்தது இது முதல் தடவை இல்லை. நெப்ராஸ்கா மாநிலத்தில் எங்கள் மணல்மேட்டுப் பக்கம் பிறந்த பெண்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் முடிந்த கையோடு கிளம்பிவிடுவார்கள். மீதிப் பாதி பக்கத்துப் பண்ணைக்காரனைக் கட்டிக்கொண்டு தங்கிவிடும். நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. நான் கிளம்ப இருந்த வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அப்பா போய்ச் சேர்ந்த வருஷம் மழை பொய்த்தது. மழை பெய்த வருஷம் என் தம்பி வெர்லினின் மனைவி அவனை விட்டுவிட்டுப் போனாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். போகத் தெரிந்தவள், போனாள். எனக்கு இப்போது ஐம்பத்தொன்று ஆகிறது.

பக்கத்து மாநிலத்தில் ராப்பிட் சிட்டி என்ற ஊரில் என் சிநேகிதி நெட்டி ஆஸ்பத்திரிச் சமையலறையை மேற்பார்வை பார்க்கிறாள். எனக்கும் அங்கே வேலைக்குச் சொல்லி, தன் வீட்டு மாடியில் ஒரு அறையையும் ஒழித்து வைத்தாள். போன வருஷம் மார்ச்சில் போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கு எதிரே ஒரு துணிக்கடை, ஒரு பஸ் நிறுத்தம். மாடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மூன்று நாளும் விடிந்து வெகுநேரம் வரை தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை, எதுவும் கத்தவில்லை. திரும்பி வந்து வெர்லினிடம் அந்தத் தூக்கத்தைப் பற்றித்தான் சொன்னேன். ஒரு வருஷமாக அந்த அறை காலியாகக் கிடக்கிறது. மே மாதத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று நெட்டி சொல்லிவிட்டாள். நியாயம்தான், எத்தனை நாள்தான் காத்திருப்பாள்?

என்னைக் கட்டிப்போட்டது என் கண். எனக்குக் கிடாரி பார்க்கிற கண் இருக்கிறது என்று இந்த வட்டாரமே சொல்லும். பெருமைக்குச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். கிடாரி நாலு எட்டு நடந்து வந்தால் போதும். கால் எப்படி விழுகிறது, முதுகு நேராக இருக்கிறதா, இடுப்பு அகலமா, மனிதரைப் பார்த்து மிரள்கிறதா, நாளைக்குக் கன்றை நக்கிக் கொடுக்குமா உதைத்துத் தள்ளுமா, எல்லாம் பட்டென்று தெரிந்துவிடும். வெர்லினுக்கு டிராக்டர் தெரியும், வைக்கோல் தெரியும், காற்றாலை கழன்றால் ஏறி மாட்டத் தெரியும். கிடாரி என்றால் மட்டும் கையை விரித்துவிடுவான். எல்லாம் எனக்குக் கருப்பாகத்தான் தெரிகிறது என்பான். எங்கள் மாடுகள் எல்லாமே கருப்புதான் என்பது வேறு விஷயம்.

நான் போகிறேன் என்று வாயெடுத்தால் அவனுக்கு ஒரே பதில்தான். நாலு கிடாரியைத் தப்பாக வைத்துவிட்டால் அஞ்சு வருஷத்தில் மந்தையே நாசம், அப்புறம் பண்ணையை மூடவேண்டியதுதான். அதோடு நான் கிளம்புகிற பேச்சை விட்டுவிடுவேன். இந்தக் குளிர்காலத்தில் நெட்டியின் கெடுவைச் சொன்னபோது, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவனே ஒரு வழி சொன்னான்.

“இந்த வருஷம் நான் கூப்பிடறேன், ஆர்டிஸ். நீ கதவப் புடி. வாயத் தெறக்கக் கூடாது. எல்லாத்தையும் நான் சரியாச் சொல்லிட்டா நீ கெளம்பிடு. நான் சொன்னத மாத்தி நீ ஒண்ணே ஒண்ணத் தள்ளினாலும் எனக்குக் கண்ணு இல்லேன்னு அர்த்தம். நீ இருக்கணும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது ஒரு வேலையா? சரி என்று கைகொடுத்தேன்.

பிரிப்பது இப்படித்தான். பட்டியிலிருந்து நீளமான சந்து ஒன்று வரும். அதன் முனையில் பக்கவாட்டில் கதவு. ஒருவர் சந்தில் நின்று கிடாரிகளை ஒவ்வொன்றாக முன்னால் விட்டுக் கூப்பிடுவார். ‘உள்ளே’ என்றால் கதவைத் திறந்து உள்பட்டிக்குள் விடவேண்டும், அது மந்தைக்கு. ‘போகட்டும்’ என்றால் கதவை மூடிக்கொள்ளவேண்டும், அது நேரே லாரிப் பட்டிக்குப் போய்விடும். கூப்பிடுகிறவர் காரணம் சொல்லமாட்டார், கதவு பிடிக்கிறவர் கேட்கமாட்டார்.

அன்றைக்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. முதல் கிடாரி அகல இடுப்பும் சாதுவான நடையுமாக வந்தது. உள்ளே என்றான். திறந்தேன். அடுத்தது தலையைத் தூக்கிக்கொண்டு முழித்துக்கொண்டு வந்தது. போகட்டும் என்றான். சரி, இது யாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு முகம் அழகான ஒன்று வந்தது. ஆனால் பின்னங்கால் மடிப்பே இல்லாமல் கம்பமாக நின்றது. நாலு குளிர்காலம் தாங்காது. முகத்தைப் பார்த்து இவன் ஏமாறப்போகிறான் என்று நினைத்தேன். அவன் ஒரு பார்வை பார்த்தான். போகட்டும் என்றான்.

அப்படியே போனது. நான் மனசுக்குள் சொல்வதை அவன் வாயால் சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கு ஆச்சரியம், அதற்கு மேல் சந்தோஷம். இத்தனை வருஷம் என் பக்கத்தில் நின்றதில் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். சந்தில் கிடாரிகள் குறையக் குறைய, துணிக்கடையும் பஸ் நிறுத்தமும் கண்முன்னால் வந்து நின்றன. அந்த அறை ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்றுகூட யோசித்தேன்.

மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. அப்போது அது வந்தது. மினுமினுவென்று கருப்பு, ஆழமான வயிறு, கோடு போட்ட முதுகு. சந்தை நாளில் நாலு பேர் கூடி நின்று பார்ப்பார்கள். ஆனால் கழுத்தும் தோளும் காளைக்கு உள்ளது மாதிரித் தடித்திருந்தன. சந்தில் ஒரு சுற்றுத் திரும்பியபோது பின்பக்கம் தெரிந்தது. இடுப்பெலும்பு இரண்டும் ஒட்டிக்கொண்டு, வால் பக்கம் சரிந்து, குறுகிப் போயிருந்தது. கன்று வர அங்கே வழியே இல்லை.

“உள்ளே,” என்றான் வெர்லின்.

எனக்கு அடுத்த மார்ச் மாதம் அங்கேயே தெரிந்தது. பனியில் படுத்துக்கொண்டு முக்கும். கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே வந்து அதோடு நின்றுவிடும். சங்கிலி போட்டு இழுப்பார்கள். கன்று செத்து வரும், தாய் பிளந்து கிடக்கும். லாரி ஏறுவதும் சுகமான கதி இல்லை, அது எனக்குத் தெரியாதா? ஆனால் அது இப்படிப்பட்ட சாவு இல்லை.

எனக்கென்ன என்று நினைத்தேன். அந்த மார்ச்சில் நான் ராப்பிட் சிட்டியில் விடிந்தும் தூங்கிக்கொண்டிருப்பேன். பொய்கூடச் சொல்லவேண்டாம். கதவை ஒரு இழு இழுத்தால் போதும், கிடாரி உள்ளே போகும், நான் வெளியே போவேன். இழுடி என்று என்னையே திட்டினேன். கை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பாழாய்ப்போன கை தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டது. கிடாரி மூடின கதவை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, தாண்டி லாரிப் பட்டிக்குள் போய்விட்டது.

“மாத்திட்ட,” என்றான் வெர்லின்.

ஆத்திரத்தில் எனக்குக் கண் இருட்டியது. இந்த ஒரு இடுப்பு உன் கண்ணில் படவில்லையா குருடா என்று கத்த வாயைத் திறந்தேன். ஆனால் அவன் முகம் என்னை நிறுத்தியது. தப்பாகச் சொன்னவன் என்றால் ஏன் மாற்றினாய் என்றல்லவா முதலில் கேட்பான்? அவன் கேட்கவில்லை. கையிலிருந்த ஓட்டுக்கம்பால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றான்.

“உனக்குத் தெரியுமாடா?” என்றேன்.

தலையை ஆட்டினான். “போன வருஷம் மார்ச்சுல, நீ நெட்டி வீட்டுல இருந்தப்பப் பொறந்தது. நான்தான் சங்கிலி போட்டு இழுத்தேன். தாய்க்கும் இதே இடுப்பு. அதுக்கப்புறம் பின்னங்கால இழுத்து இழுத்து நடந்துச்சே, அந்த மாடு.”

அந்த மாடு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இலையுதிர்காலத்தில் விற்றோம். பனிக்கட்டியில் வழுக்கி விழுந்துவிட்டது என்று அவன் சொல்லியிருந்தான். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

“மூணு நாளும் நல்லாத் தூங்கினேன்னு சொன்னியே. அதான் சொல்லல.”

மற்றதெல்லாம் எப்படிச் சரியாகச் சொன்னாய் என்று கேட்டேன். பார்த்துத்தான் சொன்னேன் என்றான். எத்தனை வருஷமாகப் பார்க்கத் தெரியும் என்று கேட்டேன். அப்பா இருந்தபோதே தெரியும் என்றான். எல்லாம் கருப்பாகத் தெரிகிறது என்று சொல்லிச் சொல்லி என்னைப் பண்ணையோடு கட்டிப்போட்டவன், என் அளவுக்குப் பார்க்கத் தெரிந்தவன். அவன் கையிலிருந்த கம்பைப் பிடுங்கி அவனையே நாலு சாத்துச் சாத்தவேண்டும் போல இருந்தது. என் கண்ணுக்காக என்னை ஒரு ஆயுசே உட்காரவைத்தாயேடா என்று கேட்டேன்.

“கண்ணுக்காக இல்ல, ஆர்டிஸ். சாயங்காலம் மாட்டுக்கெல்லாம் தீனி போட்டுட்டு வரும்போது, வீட்டுல வெளக்கு எரியும். அதுக்குத்தான்.”

பிறகு வண்டிச் சாவியைப் பையிலிருந்து எடுத்து என் பக்கத்துக் கம்பத்தின் தலையில் வைத்தான். பேசினது பேசினதாக இருக்கட்டும், தெரிந்தே தப்பாகக் கூப்பிட்டேன், நான் பண்ணினது மோசடி, நீ போ, இன்றைக்கே போ என்றான். மிச்சத்தை நானே பிரித்துக்கொள்கிறேன் என்றும் சொன்னான். கூப்பிடவும் கதவு பிடிக்கவும் ஒரே ஆளால் முடியாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாவி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. இத்தனை காலம் மாடுதான் என் காலைச் சுற்றின பாம்பு என்று திட்டிக்கொண்டிருந்தேன். மாட்டை விட்டுவிட்டுப் போகலாம், அதை யாராவது வாங்கிக்கொள்வார்கள். இருட்டுகிற நேரத்தில் விளக்கு எரிகிறதா என்று மேட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற இந்த மனிதனை நான் எங்கே கொண்டுபோய் விடுவேன்? இதை அவன் சொல்லாமலே இருந்திருந்தால் என்றைக்காவது ஒருநாள் போயிருப்பேன். இப்போது சொல்லிவிட்டான், பாவி.

சந்தில் இன்னும் சில கிடாரிகள் நின்றுகொண்டிருந்தன. ஒன்று பொறுமையில்லாமல் கத்தியது.

“கூப்பிடு,” என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. கம்பை நீட்டி அடுத்ததை முன்னால் விட்டான். அகல இடுப்பு, நேர் முதுகு, அடக்கமான நடை.

“உள்ளே,” என்றான்.

சரியாகத்தான் சொன்னான். நான் கதவைத் திறந்தேன்.