தள்ளி உக்காரு

ரேடியோ ரிப்பேர் கடை அண்ணன் செத்துப்போனதற்கு நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, ஆர்மோனியத்தோடு பாடி ஊரையே கட்டிப்போட்டிருந்த மனுஷன், பக்கத்துக் கடையில் சாவி போடும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விடுவதா? அவருடைய பாட்டுக்கெல்லாம் தபலா வாசித்தவன் நான்.

அவர் கடையில் இருந்தது ஒரே பெஞ்சு. தெருச் சத்தம் கேட்காமல் ஷட்டரை இறக்கிவிட்டு, என் சாவி மெஷினையும் நிறுத்திவிட்டு, அந்தப் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்துதான் கேசட்டில் பதிவு செய்வோம். மேஜையில் திறந்து கிடக்கும் ரேடியோக்களை ஒதுக்கினால்தான் ஆர்மோனியத்துக்கும் தபலாவுக்கும் இடம் கிடைக்கும்.

அப்படித்தான் ஒருநாள் மழைப் பாட்டைப் பதிவு செய்தோம். ‘கதவைத் தட்டாம வந்த மழையே’ என்று இழுத்தவர், துருத்தி போடும் கையை என் முழங்கை இடித்ததும், சுருதி விலகாமல் “தள்ளி உக்காரு” என்று பாடிவிட்டார். என்னைத்தான். மறுபடி முதலிலிருந்து பாட அலுப்பு, அப்படியே விட்டுவிட்டோம்.

ஊர் அதையும் பாட்டில் ஒரு வரியாகவே எடுத்துக்கொண்டது. மழையைத் தள்ளி உட்காரச் சொல்கிறாராம்! ஒரு வாத்தியார் கடைக்கே வந்து அந்தக் கற்பனையை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். அண்ணன் பவ்யமாகக் கேட்டுக்கொண்டார். வாத்தியார் தெருமுனை திரும்பியதும் ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அந்த இடம் வந்தால் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டுத்தான் பாடுவார். நானும் பெரிய மனது பண்ணி ஓரமாக நகர்வேன். கூட்டம் கைதட்டும்.

இப்போது அண்ணனின் அக்கா மகன் வந்து சேர்ந்தான். பாட்டு சொல்லித் தரும் வேலை அவனுக்கு. அந்தப் பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அந்த வார்த்தையை வெட்டி எறிந்துவிட்டான். நினைவுக் கூட்டத்திலும் அது இல்லாமல்தான் பாடுவானாம். மாமா எழுதியதை எழுதியபடி பாடுவதுதான் அவருக்கு மரியாதை என்று எனக்கே பாடம் நடத்தினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை பாட்டு எழுதினாரே, மழைக்கும் தெருவிளக்குக்கும் பஸ்ஸுக்கும் எழுதினாரே, எனக்கென்று ஒரு வரி எழுதினாரா? அவர் குரலில் எனக்கென்று இருப்பது அந்த ரெண்டு வார்த்தைதான். அதுவும் போய்விட்டால் நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் என்பதற்கு என்ன அத்தாட்சி? நேரே அண்ணியிடம் போனேன்.

“அண்ணி, அது எனக்குச் சொன்னது.”

“தெரியும்பா. ஆனா பாட்டு ஊருக்கு எழுதினது.”

அப்படியானால் ஊரையே தபலா வாசிக்கச் சொல்லுங்கள், நான் வரவில்லை என்று முறைத்துக்கொண்டு திரும்பினேன். வீம்பெல்லாம் எத்தனை நாளைக்கு? மனசு கேட்கவில்லை, போனேன்.

அரங்கத்தில் நிற்க இடமில்லை. தபலா வாசிப்பதற்கென்று அண்ணி கடைப் பெஞ்சையே மேடையில் கொண்டுவந்து போட்டிருந்தார். நடுவில் தனியாக உட்கார்ந்தேன். பையன் நின்றுகொண்டு பாடினான். நன்றாகத்தான் பாடினான், அந்த எரிச்சல் வேறு.

‘கதவைத் தட்டாம வந்த மழையே’ என்று முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகப் பார்த்தான். கூட்டம் விடவில்லை.

“தள்ளி உக்காரு.”

யாரும் ஜாடை காட்டவில்லை. முன்வரிசையும் பாடியது, கதவோரம் நின்றவர்களும் பாடினார்கள், அண்ணியும் பாடினார். பையன் அடுத்த வரியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

நான் பழக்க தோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், கண் சிமிட்டுவார் என்று. பிறகு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தேன். ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. கைதட்ட வந்தவர்கள்கூடத் தட்டவில்லை.

அப்போதுதான் அழுதேன். அழுதுகொண்டேதான் வாசித்தேன். தாளம் தப்பவே இல்லை மாமா என்று பையன் பிறகு சொன்னான். பொய் சொல்கிறான் என்று தெரியும். அந்தப் பொய்க்காக அவனை மன்னித்துவிட்டேன்.