பூசிய சுவர்

பெரிய அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்றதும் தையல்காரி செய்த முதல் வேலை, கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டைப் பெயர்த்துக் குப்பையில் போட்டதுதான். அடியில் மயிரிழையாக ஓடிய விரிசலுக்குப் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே இரண்டு கை வெளிர்நீலம் அடித்தாள். ரவிக்கை ரவிக்கையாகத் தைத்து எழுப்பிய வீடு. நாலு பேர் வரும்போது முகத்தில் பிளாஸ்திரியோடு நிற்க விடுவாளா என்ன? கண்டக்டர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன், “கல்யாணப் பொண்ணு கெட்டுது போ” என்றான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தத் தெருவுக்கு அடியில் ரயில் பாதைக்காகச் சுரங்கம் தோண்டும் இயந்திரம் வந்துகொண்டிருந்தது. திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தும் பொறியாளர் ஒரு பெண். விரிசல் இருந்த சுவர்களிலெல்லாம் தன் கையாலேயே குறுக்காகக் கண்ணாடி ஒட்டியவள் அவள்தான். “இது உடைஞ்சா சுவர் அசையுதுன்னு அர்த்தம்க்கா. உடனே எனக்குப் போன் பண்ணுங்க” என்று சொல்லியிருந்தாள். தையல்காரியும் பெரிதாகத் தலையாட்டியிருந்தாள்.

மறுநாள் பொறியாளரோடு பார்வையிட வந்த ரயில் திட்ட இயக்குநர் கூடத்துக்குள் நுழைந்ததும் முகம் மலர்ந்தார். “விரிசலே காணோமே. இன்னைக்குச் சாயங்காலம் மெஷின் இந்த வீட்டைத் தாண்டிடும், இல்லையா?”

பொறியாளர் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். “அக்கா, கண்ணாடி எங்க?”

“நீங்கல்லாம் வர்றீங்களேன்னு...” தையல்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“எடுக்கும்போது முழுசா இருந்துச்சா?”

“ரெண்டாத்தான் வந்துச்சு. நான் பேத்ததுல உடைஞ்சுதா, முன்னாடியே உடைஞ்சிருந்துச்சான்னு தெரியலம்மா.”

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், பாதி தைத்த துணிகள் அப்படியே கிடக்கும். ஆனால் தன் சுவரை அவ்வளவு அக்கறையாகத் தடவியவளிடம் எப்படிப் பொய் சொல்வது? பொறியாளர் போனை எடுத்து, “மெஷினை நிறுத்துங்க. தெருவுல எல்லாரையும் வெளியேத்த வண்டி அனுப்புங்க” என்றாள்.

இயக்குநருக்கு முகம் சிவந்தது. “அந்தம்மாவுக்கே தெரியலங்குறாங்க. இதுக்காகவா நிறுத்துவீங்க? நாளைக்கு உங்க இடத்துல வேற ஆள் இருப்பாங்க.”

“இருக்கட்டும் சார். அவங்களும் இந்தச் சுவரைப் பாத்துட்டுத்தான் ஓட்டணும்.”

அவர் விறுவிறுவென்று வெளியே போனார். கூட வந்தவர்களும் காற்றாகப் பறந்தார்கள். தையல்காரிக்கு, நம் வீட்டால் ஒருத்தியின் வேலைக்கே உலை வைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அதோடு, யாரோ பெற்ற பெண் என் வீட்டுக்காக இப்படி நிற்கிறாளே என்று நெஞ்சு நிமிரவும் செய்தது. ஓடிப்போய்க் கொல்லையிலிருந்து பட்டி பூசும் தகட்டை எடுத்து வந்து, சுவரைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லிப் பொறியாளர் கையில் கொடுத்தாள்.

“நேத்துதானேடி அடிச்ச!” என்றான் அன்று லீவு போட்டிருந்த கணவன்.

“சுவர் இருந்தாத்தானே சித்திரம். நீ போய் தையல் மெஷினை வெளிய தூக்கு.”

வாசலில் எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, “யாரு சொன்னா காலி பண்ணச் சொல்லி?” என்று சண்டைக்கு நின்றாள்.

“எங்க இஞ்சினியர் சொல்லிட்டாங்க. கிளம்பு” என்றாள் தையல்காரி. சொந்தத் தங்கையைச் சொல்வதுபோல் வந்தது குரல்.

பொறியாளர் சுரண்டச் சுரண்ட நீலம் செதில் செதிலாக உதிர்ந்தது. விரிசல், கண்ணாடி ஒட்டியபோது முடிந்திருந்த இடத்தைக் கடந்து, ஜன்னலைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. அவளுக்குக் கை எட்டவில்லை. தையல்காரி ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் கால்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பொறியாளர் தரையில் வைத்திருந்த போன் ஒலித்தது. நின்றது. மறுபடியும் ஒலித்தது. மேலே ஏறியவள் திரும்பிப் பார்க்காமல் கூரையை நோக்கிச் சுரண்டிக்கொண்டே போனாள்.