பத்து கியரும் ஆடாத மேசையும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு புகார்க் கடிதத்தின் பின்பக்கத்தில் பிறந்தது. கடிதத்தை எழுதியவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒரு கணவர். புகார் யார்மேல் என்றால், அவருடைய மனைவியின் தம்பிமேல், சைக்கிள் கடைக்காரன். சரி, பிழை திருத்தித் தரச் சொல்லி அதை யாரிடம் கொடுத்தார்? அந்த மனைவியிடமேதான். அவள் ஒரு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சந்தேகப்பட்டால்தான் அவளுக்குச் சம்பளம்.

அந்த மனைவி நான் இல்லை. (இதை உடனே நம்பிவிட வேண்டாம். நானும் மேசை போட்டு உட்கார்ந்து எழுதுகிறவள்தான். ஆனால் யார் வீட்டில்தான் மேசை இல்லை?)

2

தொடக்கம் ஒன்று: “நான்காவது கியரில் போட்டதும் செயின் டக்கென்று—” வேண்டாம். சைக்கிள் ஓட்டாதவர்கள் இங்கேயே எழுந்து போய்விடுவார்கள்.

தொடக்கம் இரண்டு: “அவளுடைய மேசை அப்போதெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது.” இதுவும் வேண்டாம். கியர் கதைக்குள் மேசைக்கு என்ன வேலை? அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று, வேறு வழியில்லாமல்: பின்சக்கரத்தின் நடுவில் பத்துப் பல்வட்டங்கள் சிறிதும் பெரிதுமாக அடுக்கியிருக்குமே, அதற்குக் கேசட் என்று பெயர். கண்ணாடிக்காரரின் சைக்கிளில் அது தேய்ந்துபோனது. மச்சினன் கடையில் புதுக் கேசட்டும் புதுச் செயினும் வாங்கினார்.

“மாட்டித் தரட்டுமா மாமா?” என்று தம்பி கேட்டான்.

“எதுக்கு? கடுகு சைஸ் திருகையே கண்ணாடிச் சட்டத்துல மாட்டுறவன்டா நான்.”

கடையிலிருந்து கழற்றும் சாவியை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். போன ஞாயிறு, சமையலறைக்குப் பின்னால் செய்தித்தாளை விரித்துப் பழையதைக் கழற்றினார், புதியதை மாட்டினார், எண்ணெய்க் கையோடு விசிலடித்தார். திங்கட்கிழமை காலையிலேயே விசில் நின்றுவிட்டது. நான்கில் போட்டால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் செயின் தத்தளித்தது. மேட்டில் மிதித்தால் வழுக்கியது. குண்டும் குழியுமான தெருவில் பின்னாலிருந்து கலகலவென்று ஒரு சத்தம் வேறு.

3

தம்பி போனிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னான். கியர் கம்பி தளர்ந்திருக்கா, பாருங்க. செயினைத் தள்ளுற கை வளைஞ்சிருக்கா, பாருங்க. கண்ணாடிக்காரர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, திருகைக் கால் சுற்றுச் சுற்றிவிட்டு, மனைவியை மிதியைச் சுழற்றச் சொன்னார். கடையில் கண் பரிசோதிக்கும் அதே குரல்: “இப்ப நல்லாருக்கா? இப்ப? முன்னாடி நல்லாருந்துச்சா, இப்ப நல்லாருக்கா?”

“எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதாங்க கேக்குது.”

(கண் பார்ப்பவர் கண்ணுக்கு எதிரில் இருப்பது தெரியவில்லை என்று எழுதுவது ரொம்ப வசதியாக இருக்கிறது, தெரியும். அவரைத் தையற்காரராக மாற்றிப் பார்த்தேன். அந்தக் கால் சுற்றுப் பொறுமை வரவில்லை. அவர் அப்படியே இருக்கட்டும்.)

புதன்கிழமை அவர் கேசட் வந்த டப்பாவைக் குப்பைக்கூடையிலிருந்து மீட்டெடுத்துக்கொண்டு வந்தார்.

“இங்க பாரு. டேப்பை ஒருதடவை பிரிச்சு மறுபடி ஒட்டியிருக்கு.”

“பொருள் சரியா இருக்கான்னு பிரிச்சுப் பார்த்திருப்பான்.”

“மூணாவது பல்லுல கறை இருந்துச்சே, அதுக்கு என்ன சொல்றே? எவனோ ஓட்டிப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்ததை என் தலையில கட்டிட்டான் உன் தம்பி.”

உன் தம்பி. பத்து வருடமாக ‘நம்ம பய’ என்று இருந்தவன், ஒரே புதன்கிழமையில் ‘உன் தம்பி’ ஆகிவிட்டான்.

அவள் தம்பிக்காக வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.*

* சின்ன வயதில் தம்பி சுவர்க்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் மூடி மாட்டிவைத்தான். அடுத்ததாகச் சாவி கொடுத்தவள் அக்கா. கடிகாரம் அவள் கையில் நின்றது, அடியும் அவளுக்கே விழுந்தது. அவன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இதை அடிக்குறிப்பில் தள்ளியதற்குக் காரணம் உண்டு. அவளும் அதை அப்படித்தான் வைத்திருந்தாள்.

4

தம்பியைக் கொஞ்சம் அயோக்கியனாக எழுதிப் பார்த்தேன். ஓரக்கண் பார்வை கொடுத்தேன், நழுவலான சிரிப்பு கொடுத்தேன். எதுவும் அவன்மேல் நிற்கமாட்டேன் என்கிறது. கைத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, “பல்லு இடுக்குல மாமா விரலை வெச்சுடப் போறாரு, பார்த்துக்கக்கா” என்கிறான். இப்படிப் பேசுகிறவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வியாழக்கிழமை அவன் அக்காவுக்கு மறுபடி போன் செய்தான்.

“அக்கா, பழசைக் கழட்டும்போது அதுக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு வளையம் இருந்துச்சான்னு மாமாவைக் கேளு. காசு கனம்தான் இருக்கும். அதைப் போடாம புதுசை மாட்டியிருந்தா, எவ்வளவு முறுக்கினாலும் கேசட் உள்ளுக்குள்ள ஆடும். என்ன பண்ணினாலும் கியர் நிக்காது. இல்லன்னா சக்கரத்தை மட்டும் குடுத்தனுப்பு, ரெண்டே நிமிஷம்.”

அவள் போய்ச் சொன்னாள். கண்ணாடிக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“கழட்டினது நான். அப்படி ஒண்ணும் இல்ல. வளையமாம் வளையம்! சக்கரத்தைக் குடுத்தா வேற கேசட்டை மாத்திட்டு, ‘ஒண்ணுமே இல்ல மாமா’ம்பான். இருக்கிற ஒரே சாட்சியை அவன் கையிலயே குடுக்கச் சொல்றியா?”

அன்றைக்குத்தான் கடிதம் எழுத உட்கார்ந்தார். அவர் சேர்ந்திருக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் வாட்ஸப் குழுவில் அறுபது பேர் இருக்கிறார்கள். அதில் பாதிப்பேர் தம்பியின் வாடிக்கையாளர்கள். அவன் கடை திறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் குழுவில் போட்டுவிடுவதாக முடிவு செய்திருக்கிறார். அதாவது இன்றைக்கு.

5

நீங்கள் கெட்டிக்காரர் என்றால், இரண்டாம் பகுதியில் நான் அடித்துவிட்ட ஒரு வரியை மறந்திருக்கமாட்டீர்கள். மேசை “அப்போதெல்லாம்” ஆடிக்கொண்டிருந்தது என்றேன். அப்படியானால் இப்போது ஆடவில்லை. ஏன் ஆடவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் அவசரமாக அடித்துவிட்டேன்.

போன ஞாயிறு, விரித்த செய்தித்தாளை அவள் மடித்து எடுத்தபோது அதிலிருந்து கறுப்பாக, தட்டையாக ஒன்று உருண்டு விழுந்தது. எந்த டப்பாவின் மூடி வளையமோ என்று நினைத்தாள். கையில் வைத்து அமுக்கிப் பார்த்தாள். பிறகு மேசையைத் தூக்கி, குட்டையான அந்த அகலக் காலுக்கு அடியில் செருகி—

சரி. ‘அவள், அவள்’ என்று எழுதிக் கை வலிக்கிறது. நான்தான். என்ன கச்சிதமாக உட்கார்ந்தது, தெரியுமா! நான்கு வருடமாகப் பேனாவோடு சேர்ந்து ஆடிய மேசை, கல்லுமாதிரி நின்றுவிட்டது. இந்தக் கதையின் ஒவ்வொரு வரியும் அந்த வளையத்தின் மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எப்போது தெரிந்தது என்று கேட்பீர்கள். வியாழக்கிழமை, ‘காசு கனம்’ என்று அவன் சொன்ன அந்த நொடியே தெரிந்துவிட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டே கால் கட்டைவிரலால் மேசைக்காலைத் தொட்டுப் பார்த்தேன். அவரிடம் கேள்வியை மட்டும் கொண்டுபோனேன், பதிலைக் கொண்டுபோகவில்லை.

ஏன்? அவர் “இல்ல” என்று அடித்துச் சொன்ன பிறகு எடுத்துக் கொடுத்தால் குற்றவாளி நானாகிவிடுவேன் என்று பயம். இது ஒரு காரணம். இரண்டாவது, கதை நன்றாக வந்துகொண்டிருந்தது. இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மூன்றாவது அந்தக் கடிகாரம். கதவோரம் நின்று பார்க்கிற முறை இந்தத் தடவை என்னுடையதாக இருந்தது. மூன்று நாள் அதில் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். கடிதத்தில் தம்பியை “ஏமாற்றுக்காரர்” என்று எழுதியிருந்தார். அதற்கு முன்னால் “ஒரு” விட்டுப்போயிருந்தது. நானே போட்டேன்.

6

முடிவு ஒன்று: வளையத்தை அவரிடம் கொடுக்கிறேன். மாட்டுகிறார். பத்து கியரும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. கடிதம் கிழிபடுகிறது. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “உனக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு அப்புறம் இந்த வீட்டில் எந்த டப்பாவின் டேப்பும் சந்தேகத்துக்குத் தப்பாது.

முடிவு இரண்டு: ரகசியமாகத் தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். “புதுக் கேசட்டோட குடுக்க வேண்டிய வளையம், என் கடையிலதான் விழுந்து கிடந்துச்சு மாமா, தப்பு என்னோடதுதான்” என்று அவன் ஏற்றுக்கொள்கிறான். கட்டாயம் ஏற்றுக்கொள்வான். கடிகாரத்துக்கு இத்தனை வருடம் கழித்து அடி வாங்குவான். “பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல!” என்று இவர் குதிப்பார்.

முடிவு மூன்று: கடிதத்தைத் திருத்தி, பிழையே இல்லாமல், ஆறு மணிக்கு—

7

ஆறாக ஐந்து நிமிடம்.

“முடிஞ்சுதா?” என்று அடுத்த அறையிலிருந்து குரல் வருகிறது. “எவ்வளவு நேரமா ஒரு பக்கத்தைப் பார்ப்பே?”

“கடைசி வரிதாங்க.”

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன். மேசையின் ஓரத்தில் ஒரு கை இருக்கிறது. தூக்கினால் வளையம் வந்துவிடும். அப்புறம் எழுத்து கோணல்மாணலாகிவிடும். நீங்கள் என் கையெழுத்தைப் பார்த்தால் எந்த வரியில் எடுத்தேன் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனால் அச்சில் எல்லா வரியும் ஒரே நேராகத்தான் நிற்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும், என் தொழிலே அதுதான்.

ஆகவே இந்தக் கடைசி வரிகளை ஆடுகிற மேசையில் எழுதினேனா, ஆடாத மேசையில் எழுதினேனா என்பதில் என் பேச்சை நம்பாதீர்கள். என் தம்பி கடைக்குப் போய்க் கேளுங்கள், கடை இன்னும் திறந்திருந்தால்.